ரொசாலியின் கைக்குக் கடைந்தது

கடைசல்காரர் ஓடிலோனுக்கு அந்த வருஷம் அறுபத்தோரு வயது. வயதுதான் அறுபத்தொன்று, அலுப்புக்கு நூறு இருக்கும். காலையில் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே ஊன்றும்போதே, ‘ஆண்டவரே, திரும்பப் படுக்க இன்னும் பதினாறு மணி நேரம் இருக்கிறதே’ என்றுதான் முதலில் நினைப்பார். அப்புறம்தான் சிலுவை போட்டுக்கொள்வார். வரிசை தப்பு என்று அவருக்கே தெரியும். என்ன செய்வது, அலுப்பு ஜெபத்தை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

வீடு தெந்தர் ஆற்றங்கரையில். முன்னால் சமையலறை, பின்னால் பட்டறை, நடுவில் ஒரு கதவு. இரண்டு வருஷமாக அந்தக் கதவைச் சாத்துவதே இல்லை. இந்தப் பக்கம் மரம் கடையும்போதே, அந்தப் பக்கம் பெண்சாதி ரொசாலி இருமுகிறாளா, நாற்காலியைவிட்டு எழப் பார்க்கிறாளா என்று ஒரு காதை அங்கே வைத்திருக்க வேண்டும். மரத்தூள் பறந்துபோய் ரொட்டியில் படியும். முன்பென்றால் ரொசாலி துடைப்பத்தோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

அந்த ஊரில் ஓடிலோனின் மரத்தைப் பிடிக்காத கை கிடையாது. கோயிலுக்கு எதிரே சுல்மாவின் பீர்க்கடையில் ஒரு தினுசான கிளாஸ் உண்டு. அடி பந்துபோல உருண்டையாக இருக்கும். நடுவில் இடுப்பு ஒடுங்கி, மேலே வாய் விரியும். மேசையில் வைத்தால் நிற்காது, உருண்டு போய்விடும். அந்தக் காலத்துக் குதிரைவண்டிக்காரர்கள் வண்டியோரத்தில் மாட்டி வைத்துக் குடித்த கிளாஸ் என்பார்கள். அதை நிறுத்த மரத்தில் ஒரு தாங்கி வேண்டும். கீழே பந்து உட்காரக் குழித்த அடிக்கட்டை, பக்கத்தில் உள்ளங்கைக்கு அடங்கக் கடைந்த பிடி, மேலே கிளாஸின் இடுப்பை அணைத்துக்கொள்ளும் கவை. முப்பது வருஷமாக இதைக் கடைந்து கொடுத்தவர் ஓடிலோன்தான்.

உப்புத்தாள் போட்டு எண்ணெய் பூசியது ரொசாலி. பூசியதோடு விடமாட்டாள். அந்த மாதிரிக் கிளாஸ் ஒன்றை வீட்டிலேயே வைத்திருந்தாள். அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தாங்கியில் நிறுத்தி, பிடியைப் பிடித்துப் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். ஒரு சொட்டுச் சிந்தினாலும் தாங்கியை மூலையில் வீசிவிடுவாள்.

“இது அடுப்புக்கு. குடிகாரன் மாதிரி ஆடுது, ஓடிலோன். குடிக்கிறவன்தான் ஆடலாம், பிடி ஆடக் கூடாது.”

அந்தக் கைக்குத்தான் இப்போது நடுக்கம் வந்திருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு பூசையில், ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ரொசாலியின் இடது சுண்டுவிரல் தனியாக ஆடியது. குளிர் என்று நினைத்தார்கள். அடுத்த வருஷம் கை முழுக்க, அதற்கடுத்து வலது கை, பிறகு நடை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. ஓடிலோனே குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி, மோர்க்கஞ்சியைக் கரண்டியால் ஊட்டி, இரண்டு வேலைக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் மரத்தைத் தொடுவார்.

ஊட்டுவதை ரொசாலி பொறுத்துக்கொண்டாள். குடிப்பதில்தான் தகராறு, இன்னொருவர் கை பிடித்த கிளாஸில் வாய் வைக்கமாட்டாள். வாரத்துக்கு மூன்று தடவை வரும் நர்ஸ் ஹில்தா, மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“இதுல உறிஞ்சினா சிந்தாதும்மா. எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க.”

“நல்லாத்தான் இருக்கு. கன்னுக்குட்டி ஏதாவது இருந்தா அதுக்குக் குடு.”

“அம்மா, குடிக்கலேன்னா உடம்பு வத்திப்போகும்.”

“வத்தட்டும். எடை குறைஞ்சா இவருக்குத் தூக்கிப்போட சுலபமா இருக்கும்.”

ஹில்தா ஓடிலோனைப் பார்ப்பாள். ஓடிலோன் தரையைப் பார்ப்பார்.

ஜூன் மாதம் ரொசாலி மயங்கி விழுந்தாள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஓடிலோனை வாசல் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். “ஒரு நாளைக்கு ஆறு கிளாஸாவது உள்ள போகணும் ஐயா. ரெண்டுகூடப் போகல. சிறுநீரகம் தாங்காது. கன்னியர் நடத்துற முதியோர் இல்லத்துல சேர்த்துடுங்க. அங்க குழாய் வச்சாவது ஊத்துவாங்க. உங்களைப் பார்த்தாலும் நல்லா இல்லையே. எப்ப தூங்கினீங்க?”

ஓடிலோன் இல்லத்தில் சேர்க்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் ஊர்த் திருவிழா முடிந்ததும் ஓர் அறை காலியாகும் என்றார்கள். கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. அப்படி இறங்கியதற்காக வெட்கப்பட்டுச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்று போதாதென்று ஓடிலோன் முப்பது சொன்னார். மூட்டை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ரொசாலியிடம் மட்டும் சொல்லவில்லை. காகிதத்தின் நகலை ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, ஹில்தா வீட்டில் இருக்கும் அரை மணி நேரத்தில், ஓடிலோன் சுல்மாவின் கடைக்குப் போனார். அங்கே ஒரு சட்டம் உண்டு. உருண்டை அடிக் கிளாஸில் குடிக்க வேண்டுமானால் வலது கால் ஷூவைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். சுல்மா அதைக் கூடையில் போட்டுக் கயிற்றை இழுத்து உத்தரத்துக்கு ஏற்றிவிடுவாள். கிளாஸும் தாங்கியும் திரும்பி வந்தால்தான் கூடை இறங்கும். கிளாஸைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு போகிற ஆசாமிகள் அத்தனை பேர். பங்குச் சாமியாரானாலும் ஒற்றைக் காலுறையோடுதான் உட்கார்ந்திருப்பார். சுல்மாவுக்கு ஐம்பது வயது, தொண்டை மட்டும் கோயில் மணி.

ஓடிலோனுக்கு எதிரே கமீல் இருந்தான். முன்பு பீர் வண்டி ஓட்டியவன், இப்போது ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

“ரொசாலி எப்படிடா இருக்கா?”

“இருக்கா.”

“குடிக்கிறாளா?”

“எங்க. பிளாஸ்டிக் கோப்பையைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா.”

கமீல் கையிலிருந்த தாங்கியை அசைத்துக் காட்டினான். “டேய், இதைக் கடைஞ்சது யாரு?”

“ஏன், நான்தான்.”

“என் கைக்குக் கடைஞ்சே. சாமியார் கைக்குக் கடைஞ்சே. ஊர்ல உள்ள வெட்டிப்பய கைக்கெல்லாம் கடைஞ்சு குடுத்தே. அவ கைக்கு மட்டும் பிளாஸ்டிக்காடா? நான் அவளா இருந்தா உன் மண்டையிலயே ஊத்தியிருப்பேன்.”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். ஓடிலோனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஷூவைக் கேட்டார்.

அடுத்த நாளே கடைய ஆரம்பித்தார். நோயாளிக் கை, பலமில்லாத கை, அதற்குப் பஞ்சுபோல இருக்க வேண்டும் என்று நினைத்தார். இருப்பதிலேயே லேசான மரத்தை எடுத்தார். பொம்மை செதுக்குகிறவர்கள் வாங்கிப்போகும் வெள்ளை மரம், உளி பட்டால் வெண்ணெய். அடிக்கட்டையை மெல்லிசாக்கினார். பிடியை மெழுகுவர்த்தித் தடிமனுக்குக் கொண்டுவந்து, நடுவில் இரண்டு வளையம் விட்டு அழகு பார்த்தார். முப்பது வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒன்று கடைந்ததில்லை. கண் எரிந்தது, இடுப்பு வலித்தது. ஆனாலும் நாலு நாளில் முடித்து எண்ணெய் பூசிக் காயவைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக் கிளாஸில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, அந்தத் தாங்கியில் நிறுத்தி, ரொசாலியின் கையில் கொடுத்தார்.

ரொசாலி பிடியைத் தடவிப் பார்த்தாள். “அழகா இருக்கு” என்றாள். தூக்கினாள். மடியிலிருந்து வாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது நடுக்கம் வந்தது. மரம் லேசு. கையோடு சேர்ந்து அதுவும் ஆடியது, இறகு காற்றில் ஆடுவதுபோல. தண்ணீர் மார்பிலும் மடியிலும் கொட்டியது. கவையிலிருந்து கிளாஸ் நழுவிக் கல் தரையில் விழுந்து உடைந்தது. எத்தனையோ நூறு தாங்கிகளைச் சோதித்த கிளாஸ்.

ஓடிலோன் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். ஒரு துண்டு விரலைக் கீறியது. அந்தச் சின்ன வலியில் அவருக்குள் என்னவோ அறுந்து போயிற்று.

“என்னால முடியல!” என்று கத்தினார். “என்னதான் பண்ணணும்கிற? பிளாஸ்டிக்ல குடிக்கமாட்டே, என் கையால குடிக்கமாட்டே. போ, இல்லத்துக்கே போ! கன்னியாஸ்திரிங்க குழாய் வச்சு ஊத்தட்டும். பேர் குடுத்தாச்சு. திருவிழா முடிஞ்சதும் அறை தயார்!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

“தெரியும்” என்றாள் ரொசாலி.

“என்ன தெரியும்?”

“காகிதத்தை ஜெபப் புத்தகத்துல ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா? இந்த வீட்ல அதைத் தினமும் திறக்கறவ யாரு? ஜூன் மாசமே பார்த்தேன். பக்கத்தைத் திருப்பவே கால் மணி நேரம் ஆச்சு, அதுக்குள்ள நாலு தடவை படிச்சுட்டேன்.”

ஓடிலோன் உடைந்த கண்ணாடியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஏன் ஒண்ணும் கேக்கல?”

“என்னத்தைக் கேக்கறது? உன் மூஞ்சியை நீ கண்ணாடியில பார்க்கறதில்ல. நான் பார்க்கிறேன். நானா இருந்தா மார்ச்சுலயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.” அவர் கையைப் பார்த்து, “எழுந்திரு, விரல்ல ரத்தம்” என்றாள். “நனைஞ்ச பாவாடையை மாத்து. குளிருது.”

அவர் மாற்றிவிட்டார்.

மறுநாள் காலை மோர்க்கஞ்சி ஊட்டி முடிந்ததும் ரொசாலி, “அலமாரி அடியில என் பழைய இஸ்திரிப் பெட்டி இருக்கும், எடு” என்றாள்.

“எதுக்கு?”

“எடுன்னா எடேன்.”

வார்ப்பிரும்புப் பெட்டி, மூன்று கிலோவுக்குக் குறையாது. அவள் மடியில் வைத்தார். கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள். ஒரு சாண்தான் தூக்கினாள். மூச்சு வாங்கியது. ஆனால் ஆட்டம் பாதிக்குப் பாதி அடங்கியிருந்தது. ஓடிலோன் வாய் திறந்தபடி நின்றார்.

“போன வாரம் ஹில்தா பெரிய பைபிளை நகர்த்தி வைக்கச் சொல்லி என் கையில குடுத்தா. அப்பவே கவனிச்சேன். சும்மா இருக்கற கைதான்யா ஆடுது. ஏதாவது கனமா குடுத்தா அதைப் பிடிக்கிற வேலையில ஆடறதைக் கொஞ்சம் மறந்துடுது.” பெட்டியை மடியில் இறக்கினாள். “நீ என்னை நோயாளின்னு நெனைச்சுக் கடைஞ்சே. மெழுகுவர்த்தியை யாராவது இறுக்கிப் பிடிக்க முடியுமா? மண்வெட்டிக் காம்பு மாதிரி குடு. அதுவும் ரெண்டு குடு, எனக்கு ரெண்டு கை இருக்கு.”

“அவ்வளவு கனத்தை எப்படித் தூக்குவே?”

“முப்பத்தாறு வருஷமா உன்னையே தூக்கிச் சுமந்திருக்கேன்.”

இரண்டாம் தாங்கிக்கு ஓடிலோன் வேறு மரம் எடுத்தார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலுக்கும் ஆலைப் பல்சக்கரத்துக்கும் போடுகிற வெளுத்த, கனத்த மரம். உளியைத் தள்ளினால் திருப்பித் தள்ளும். சுருள் சுருளாக வராமல் பொடியாக உதிரும். காலையில் ஒரு மணி நேரம், மத்தியானம் அரை மணி நேரம், அதற்குமேல் தோள் கேட்கவில்லை. உளியைத் தீட்டும்போதே இரண்டு தடவை கண் அசந்து, விரல் மயிரிழையில் தப்பியது. அடிக்கட்டையை ரொட்டித் தட்டு அகலத்துக்குக் கடைந்து, அடியில் குடைந்தார். கனத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது கமீல் வந்து நின்றான்.

“இந்தா.” ஒரு காலுறை நிறைய தூண்டில் ஈயக்குண்டுகள். “மீன் எதுவும் இதுக்கு அழப்போறதில்ல. எப்படியும் என் தூண்டில்ல மாட்டறது இல்லையே.”

ஈயக்குண்டுகளை அடிக்குழியில் அடுக்கி, மரத்தூளும் பசையும் சேர்த்து இறுக்கி, மேலே ஒரு வட்ட மூடி கடைந்து ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிடிகள், ஒவ்வொன்றும் முழுக் கையும் பற்றுகிற தடிமன். ரொசாலியைப் பட்டறையில் உட்காரவைத்து, அவள் கை மூடும் அளவைப் பார்த்துப் பார்த்துக் கடைந்தார். “இன்னும் ஒரு நூல் அளவு எடு… போதும், போதும்! பெண்சாதி கை அளவு முப்பத்தாறு வருஷத்துல தெரியலையா?” என்று அவள் வைதுகொண்டிருந்தாள். கிளாஸ் மறுபடி நழுவிவிடாமல், கவையின் வாயை அடைக்க ஒரு முளைக்குச்சி செருகினார். அதை மட்டும் அவசரத்தில் இறுக்கமாகவே விட்டுவிட்டார்.

தாங்கி முடிந்தது. அதில் நிறுத்தத்தான் கிளாஸ் இல்லை. வீட்டுக் கிளாஸ் உடைந்துவிட்டது. அந்த உருண்டை அடிக் கிளாஸ் சுல்மாவின் கடையைத் தவிர ஊரில் வேறு எங்கும் கிடையாது.

ஓடிலோன் சுல்மாவிடம் போய்க் கேட்டார். “ஒரு கிளாஸ் குடும்மா. ரொசாலி குடிச்சுப் பார்த்ததும் திருப்பிக் குடுத்துடறேன். வேணும்னா என் ஷூ ரெண்டையும் வச்சுக்கோ.”

சுல்மா கிளாஸைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். “ஆகாது அண்ணே. கிளாஸ் கடையை விட்டுப் போகாது. யார் குடிக்கிறாங்களோ அவங்க ஷூவைத்தான் வாங்குவேன். அக்கா குடிக்கணும்னா அக்காவே வரட்டும்.”

“அவளால வர முடியாதுன்னு தெரியாதா உனக்கு? ரெண்டு வருஷமா வாசப்படி தாண்டல.”

“தெரியும். ஞாயித்துக்கிழமை திருவிழா. பவனி முடிஞ்சதும் ஜன்னலோர மேசையைப் போட்டு வைக்கிறேன்.”

“கல்நெஞ்சக்காரி” என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடிலோன் வீடு வந்தார். ரொசாலியிடம் சொன்னார். அவள் யோசித்தாள். ஊரார் பார்க்க மேலெல்லாம் கொட்டிக்கொள்வதா? இரண்டு வருஷமாக அதற்குப் பயந்துதானே வீட்டில் கிடக்கிறாள். ஆனால் திருவிழா முடிந்த வியாழக்கிழமை இல்லத்திலிருந்து வருகிறார்கள். அதற்குள் நாளுக்கு ஆறு கிளாஸ் உள்ளே போயாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் இல்லத்துக்குப் போயாக வேண்டும்.

“கறுப்புப் பாவாடையை எடுத்து வை” என்றாள் கடைசியில். “கறுப்புல கொட்டினா தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை மாதா சுரூபம் வீதி சுற்றிக் கோயிலுக்குள் போனதும், வாத்தியக்காரர்கள் நேரே பீர்க்கடைக்குள் போனார்கள். ஓடிலோன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். அரை கிலோமீட்டர் கல்பாவிய தெரு. ஒவ்வொரு கல்லும் தோளில் இடித்தது. ‘மாதாவே, ஒரு வாய் போனால் போதும்’ என்பது மட்டும்தான் ஜெபம். அதற்குமேல் சொற்களைத் தேட அவரிடம் தெம்பில்லை.

ரொசாலியைக் கண்டதும் கடை அமைதியானது. அந்த அமைதிதான் மோசம். எல்லோரும் மரியாதையாக வேறெங்கோ பார்த்தார்கள். ஓடிலோன் பையிலிருந்து தாங்கியை எடுத்து மேசையில் வைத்தார். ‘டொக்’ என்று மேசையே அதிர்ந்தது.

சுல்மா வந்து ரொசாலியின் முன்னால் நின்றாள்.

“வாங்க அக்கா. ஷூ.”

ஓடிலோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சுல்மா, அவகிட்டயுமா? இது எங்க சொந்தத் தாங்கி, உன்னோடது இல்ல!”

“தாங்கி உங்களோடது. கிளாஸ் என்னோடது.” இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “பிஷப் வந்தாலும் கழட்டணும். இவங்க யாரு, பிஷப்புக்கு மேலயா? இல்ல, குடிச்சுட்டு ஓடிட மாட்டாங்கன்னு நீங்க உத்தரவாதமா?”

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ரொசாலி சுல்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. எல்லோரும் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். வலது காலை மெல்ல நீட்டினாள்.

“நீயே கழட்டிக்க. வாரைப் பார்த்து அவுத்து எடு, புது ஷூ. எலி கடிச்சா உன்கிட்டதான் கேப்பேன்.”

சுல்மா மண்டியிட்டுக் கழற்றினாள். கூடை ஆடி ஆடி மேலே போயிற்று. கடை மறுபடி இரைச்சலானது, வாத்தியக்காரன் ஒருவன் கொம்பில் ஒரு ஊது ஊதினான்.

கிளாஸைத் தாங்கியில் இறக்கி, பாதிக்கு பீர் ஊற்றி, முளைக்குச்சியைச் செருகினார்கள். ரொசாலி இரண்டு பிடிகளையும் பற்றினாள். தூக்கினாள். ஓடிலோன் தன் கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார், உதவிக்குப் பாய்ந்துவிடாமல் இருக்க. கனம் மெல்ல ஏறியது. பாதி வழியில் நடுக்கம் வந்து முட்டியது. மரம் அசைந்தது, ஓடத்தில் ஏற்றிய பாறை அசைவதுபோல, ஆனால் துள்ளவில்லை. பீர் விளிம்பில் அலம்பி ஒரு வீச்சு மார்பில் தெறித்தது. அப்புறம் கிளாஸின் வாய் உதட்டைத் தொட்டது. தொண்டை ஏறி இறங்கியது. ஒரு தடவை, மறு தடவை, மூன்றாம் தடவை.

தாங்கியை ‘டொக்’ என்று வைத்தாள். மோவாயில் நுரை.

“மூணுல ஒரு பங்கு பாவாடைக்கு” என்றான் கமீல். “பரவால்ல. நான் குடிச்சாலும் அந்தக் கணக்குதான்.”

“உனக்கு நோயில்ல கமீல், நீ பிறந்ததே அப்படி” என்றாள் ரொசாலி. “என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே சுல்மா? ஊத்து.”

ஓடிலோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொடைக்கடியில் கைகள் மரத்துப் போயிருந்தன.

கிளம்பும்போதுதான் வினை. கிளாஸைத் திருப்பிக் கொடுக்க முளைக்குச்சியை உருவினார், வரவில்லை. பீரில் நனைந்து உப்பிக்கொண்டது. முறுக்கினார், தட்டினார். அசையவில்லை. நனைந்தால் மரம் உப்பும், அதற்கு ஒரு நூல் இடம் விட வேண்டும் என்பது கடைசல் பழகுகிறவனின் முதல் மாதப் பாடம். முப்பது வருஷத் தொழில்காரர் அதில் வழுக்கியிருந்தார்.

“நான் சோதிச்சிருந்தா இது அடுப்புக்குப் போயிருக்கும்” என்றாள் ரொசாலி, வெகு திருப்தியாக.

இன்னும் அடித்தால் கிளாஸ் உடையும். சுல்மா பார்த்தாள். “எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணே. குச்சி காஞ்சதும் கொண்டாங்க. ஷூ மேலயே இருக்கட்டும். சட்டம் சட்டம்தான்.”

காலுறையோடிருந்த வலது பாதத்துக்குக் கமீல் தன் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டான். இடது காலில் ஷூவும் வலது காலில் தொப்பியுமாக, மடியில் சுல்மாவின் கிளாஸை அணைத்துக்கொண்டு ரொசாலி ஊர் நடுவே வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை மூன்று கிளாஸ் தண்ணீர் உள்ளே போனது. செவ்வாய்க்கிழமை ஐந்து. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே முளைக்குச்சி காய்ந்து இளகிவிட்டது. ஓடிலோன் அதை உருவி ஒரு நூல் சீவி மறுபடி செருகினார். “கிளாஸைக் குடுத்துட்டு உன் ஷூவை வாங்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டார். “நாளைக்கு” என்றாள். புதன்கிழமையும் கேட்டார். “நாளைக்குன்னேனே” என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம், சூப்பும் உருளைக்கிழங்கும் முடிந்த வேளையில், ஓடிலோன் அடுப்படி நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். இல்லத்துக் கன்னியாஸ்திரி கதவைத் தட்டியது கனவு மாதிரிக் கேட்டது. எழ வேண்டும் என்று நினைத்தார். கால்கள் தங்களுக்கு இது சம்பந்தமில்லை என்பதுபோலக் கிடந்தன. கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அறை தயாரா இருக்கும்மா. துணிமணி எடுத்து வச்சாச்சா?”

“எப்படிம்மா வர்றது? ஒத்தை ஷூதான் இருக்கு.”

“இன்னொண்ணு எங்க?”

“சுல்மா கடைக் கூடையில தொங்குது.”

கன்னியாஸ்திரியும் அந்த ஊர்ப் பெண்தான். “அப்ப கிளாஸைத் திருப்பிக் குடுத்தா ஷூ வந்துடுமே.”

“கிளாஸைக் குடுத்துட்டா நான் எதுல குடிக்கிறது? டாக்டர் ஆறு கிளாஸ் சொல்லியிருக்கார். இப்ப மணி ரெண்டு, நாலு முடிஞ்சுது. நம்பலேன்னா ஹில்தா கணக்கு எழுதி வச்ச காகிதத்தைப் பாருங்க.”

காகிதம் புரளும் சத்தம். அதன் பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி சிரிக்கிற சத்தம். “சரி. இந்த அறையை வேற ஒருத்தருக்குக் குடுத்துடறோம். உங்க பேர் பட்டியல்லயே இருக்கட்டும். ஷூ என்னிக்கு இறங்குதோ அன்னிக்குப் பார்த்துக்கலாம். ஐயாவை எழுப்பட்டுமா?”

“வேண்டாம்மா, விடுங்க. அவர் தூங்கட்டும்.”

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. எழுந்து ரொசாலியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஓடிலோன் நினைத்தார். ஆண்டவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வாய் திறக்கவில்லை. தூக்கம் திரும்பவும் இழுத்தது. அதன் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கனத்த மரம் மேசையைவிட்டு எழும் சத்தம், தண்ணீர் அலம்பும் சத்தம், ஒரு வாய், இரண்டு வாய், கொஞ்சம் தரையில் சொட்டுவது. பிறகு, ‘டொக்’.

ஐந்து.